பஸ் திரும்ப ஓர் இடம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதைப் பற்றித்தான் இரண்டு நாளாக நானும் உன் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் உன் கொமியூனிகேஷன் கடைக்கே வந்து, "இந்தத் தடவ பிரதேச சபைக்கு நீங்க நில்லுங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்றாய். கல்யாணமான புதிதில் இது என்ன தலைவலி என்று சுமதி முகம் வாடியிருக்கிறாள் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ போட்டோ கொப்பி அவசரம் என்று கத்த, நீ போனை வைத்துவிட்டாய். வைத்ததும் நல்லதுதான். அது போனில் சொல்கிற பதில் இல்லை. நீ இருக்கிற அரநாயக்கவுக்கும் இங்கே பலாங்கொடைக்கும் இடையில் கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, நிதானமாக எழுதுகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். எழுத எழுத அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டுமாம், பொய் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவாராம்.

இதைச் சுமதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. அவளுக்கு நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களுடைய பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிய ஆயம்மா என்பது மட்டும்தான் தெரியும். ஒரு காலத்தில் இந்தத் தோட்டமே என்னை 'மேயரம்மா' என்று கூப்பிட்டதை நீ சொல்லியிருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'மேயர் மகன்' என்று கேலி செய்கிறார்கள் என்று நீ சாப்பிடாமல் படுத்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உண்மையில் நான் மேயர் இல்லை. இரத்தினபுரி போன்ற பெரிய டவுனுக்குத்தான் மேயர். நம்முடைய பிரதேச சபைக்குத் தவிசாளர். அந்தச் சொல் நம்முடைய ஆட்களின் வாயில் நுழையவில்லை. நான் தவிசாளரும் இல்லை, உப தவிசாளர். அவர் இல்லாத கொஞ்ச காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். அவ்வளவுதான்.

நான் அரசியலுக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. கட்சிக்காரர்களுக்குத் தோட்டத்து ஓட்டு வேண்டும், அதற்குப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். நம்முடைய தோட்டத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் அந்த இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். தனக்குக் கிடைக்காவிட்டாலும் மற்றவனுக்குப் போகக்கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் போய், "அப்ப ஆயம்மாவப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒற்றுமையாக ஒன்று சொன்னது அந்த ஒரு தடவைதான். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஓட்டு விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேருடைய பிள்ளைகள் என் தொட்டிலில் தூங்கி எழுந்தவை. மேலே இருக்கிற சிங்களக் கிராமத்திலோ, நான் சின்ன வயதில் பால் போத்தல் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள். என் சிங்களம் அந்த வாசல்களில் கற்றது. அங்கேயும் சிலர் எனக்குப் போட்டிருக்கிறார்கள். சபையில் இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக வந்து, உப தவிசாளர் பதவிக்கு யாருமே ஒத்துப்போகாமல், கடைசியில் யாருக்கும் ஆகாதவள் இல்லை என்று அதையும் என் தலையில் கட்டினார்கள்.

தவிசாளர் பியசேன மாத்தயா நல்ல மனிதர். பஜாரில் சாக்கடைக் கான் அடைத்து நாறுகிறது என்று முறைப்பாடு வர, அதைப் பார்வையிடப் போனவர், அதற்குள்ளேயே விழுந்து காலை முறித்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கால் மேலே தொங்குகிறது, ஆனால் முகத்தில் சிரிப்பு. "அக்கே, நான் வரும்வரைக்கும் நீங்கதான். கையெழுத்து மட்டும் போட்டா போதும், மத்ததெல்லாம் ஆபீஸ்ல பார்த்துக்குவாங்க" என்று சிங்களத்தில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் படவில்லை. அதைச் சரிசெய்வதற்குள் வாசலில் ஆட்கள். ஒருத்தருடைய பலாமரக் கிளை அடுத்தவர் கூரையில் கிடக்கிறது. ஒரு நாய் சரியாக இரண்டு வட்டாரத்து எல்லையில் செத்துக் கிடக்கிறது, அதை யார் தூக்குவது. ஒரு பாலர் பாடசாலையைத் திறக்க வேண்டும், கத்தரிக்கோல் ரிப்பனை வெட்டவில்லை, நான் பல்லால் கடித்து அறுத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைதட்டினார்கள். சித்திரைப் புத்தாண்டு விழாவில் அழகு ராணியைத் தெரிவுசெய்யக் கூப்பிட்டு, "அந்தப் பச்சைச் சட்டைப் பிள்ளை" என்று நான் சொல்ல, பச்சைச் சட்டையில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேருடைய அம்மாமாரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த வருடம் அந்த ஊருக்கு இரண்டு ராணிகள். இன்னொரு கிரீடத்துக்குப் பூவைச் சுற்றி அங்கேயே ஒப்பேற்றினோம். எனக்கு அது தப்பாகப் படவில்லை. இரண்டும் அழகான பிள்ளைகள்தான்.

இதையெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்த வேலையில் பெரும்பகுதி இதுதான், தம்பி. யாருக்கும் பெரிதாகத் தோன்றாத ஒன்றோடு ஒருத்தர் வந்து நிற்பார். அவருக்கு அன்றைக்கு உலகத்தில் அதைவிடப் பெரியது கிடையாது. அதைக் கேட்கும்போது உன் கண் கடிகாரத்துக்குப் போனால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இனி பஸ் கதைக்கு வருகிறேன். அது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. அந்தக் காலத்தில் டவுன் பஸ் பன்சலைச் சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே நம்முடைய லயத்து வீடுகளுக்கு ஏறி நடக்க வேண்டும். நீங்களெல்லாம் மழையில் நனைந்து, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவீர்கள். பிரசவ வலி வந்தவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கியதையும் பார்த்திருக்கிறோம். நம்முடைய ஆட்கள் மட்டுமல்ல, தோட்டத்துக்கு மேலே இருக்கிற கிராமத்து ஆட்களும் இதே பாதையில்தான் இறங்கி ஏற வேண்டும். ஒருநாள் பஸ் டிப்போ அதிகாரி வேறு வேலையாக ஆபீசுக்கு வந்தார். நான் விடவில்லை, தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தேன். அவர் சொன்னார்: "பாதை தோட்டக் கம்பெனியுடையது, ஆனா தொரை பஸ் போகலாம்னு சொல்லிட்டார். அனுப்ப எனக்கும் விருப்பம்தான். ஆனா மேல போன பஸ் எங்க திரும்பும்? பின்பக்கமாவே டவுனுக்கு வரச் சொல்றீங்களா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடமாகப் பஸ் வேண்டும், பஸ் வேண்டும் என்று கத்தினோமே, வந்த பஸ் எப்படித் திரும்பிப் போகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போனேன். பாதை தருகிறேன், தேயிலைச் செடி ஒன்றைக்கூடப் பிடுங்கக்கூடாது என்றார். அப்படிப் பார்த்தால் மேலே தட்டையாக இருப்பது மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கிற அந்த ஒரு துண்டுதான். அதில் ஒரு பக்கம் கோயில் வாசல், ஒரு பக்கம் பொடியன்களுடைய வொலிபோல் கோர்ட், மூன்றாவது பக்கம் யாருடையது என்று உனக்கே தெரியும். அப்பாவுடைய மாட்டுக்கொட்டில். கோயிலில் கூட்டம் வைத்தேன். எல்லாருக்கும் பஸ் வேண்டும். ஒருத்தருக்கும் இடம் கொடுக்க மனமில்லை. கோயில் தலைவர் எழுந்து, "பஸ் திரும்பட்டும்மா, வேணாங்கல. ஆனா அப்புறம் தேரு எங்க திரும்பும்?" என்று கேட்டார். பொடியன்கள், "கோர்ட்ல கைய வச்சா நாங்க விடமாட்டோம், ஆயம்மா. வேற என்ன இருக்கு எங்களுக்கு இந்தத் தோட்டத்துல?" என்றார்கள். நீயும் அவர்கள் பின்னால் நின்றுகொண்டு தலையாட்டினாய், நான் பார்த்தேன். அப்பா ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தேயிலை ஸ்டோர் வேலை முடிந்து வந்த களைப்பு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. "ஊருக்கே மேயரா இருக்க, ஒனக்குக் கடைசியில என் கொட்டில் மேலதான் கண்ணா?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொன்னார். "லெச்சுமி, நீயும் ஒரு மனு எழுதிப் போடு, மேயரம்மா ஆபீஸ்ல இருப்பாங்க" என்று எனக்குக் கேட்கும்படி சொல்வார். நீயும் உன் தங்கச்சியும் போர்வைக்குள் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கொட்டிலையும் பக்கத்தில் புல் வளர்த்த துண்டையும் அவர் கல் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கினார் என்பது எனக்குத் தெரியும். லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, இது என்னுடையது என்று நிற்க வேறு இடம் இருக்கவில்லை. (இதை வாசித்தபோது அப்பா பலாக்கொட்டையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, மேல போ" என்றார்.)

இதற்கு நடுவில் சபைக் கூட்டத்தில் பஸ் விஷயம் வந்தது. மேல் கிராமத்து உறுப்பினர் குணபால எழுந்தார். எதிர்க்கட்சிக்காரர், குரல் பெரிய குரல். காலையில் தோட்டத்து ஆட்களே பஸ்ஸை நிரப்பிவிடுவார்கள், என் கிராமத்துக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதோட, இந்தக் காலத்துல, ராத்திரி பஸ்ல தோட்டத்துக்கு யார் யார் வந்து இறங்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். சண்டை நடந்துகொண்டிருந்த காலம், தம்பி. கொழும்புக்குப் போனால் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்த காலம்.  எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.  நாற்காலியில் இருப்பது நான்தானே. சிங்களத்திலேயே சொன்னேன்: "யார் வருவாங்கன்னு நான் சொல்றேன், குணபால மாத்தயா. டவுன் கடையில வேலை செய்யிற எங்க பொம்பளப் பிள்ளைங்க வருவாங்க. ஆஸ்பத்திரியில புருஷனப் பார்த்துட்டு உங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டு சோமாவதி அக்கா வருவாங்க. டியூஷன் முடிஞ்சு உங்க ஊர்ப் பிள்ளைங்களும் எங்க பிள்ளைங்களும் வருவாங்க. வேற யாரையும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க." அவர் உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த விஷயத்துக்குப் போனேன், தெருவிளக்கோ என்னவோ. வீட்டுக்கு வந்து தண்ணீர்க் கோப்பையை எடுத்தவள், குடத்துப் பக்கம் போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அப்பா மாட்டிடம் பேசவில்லை. என் கையிலிருந்து கோப்பையை வாங்கி அவரே நிரப்பிக் கொடுத்தார்.

அதே வாரம் குணபாலவுடைய பெரியம்மா செத்துப்போனாள். தவிசாளர் மரண வீட்டுக்குப் போக வேண்டும். அது எழுதாத சட்டம். போகாதே என்று சிலர் சொன்னார்கள். நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். போனதும் முன்னால் நாற்காலி போட்டார்கள், அனுதாப உரை செய்யச் சொன்னார்கள். செத்தவளை எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால் நாற்காலியில் உட்காராமல் பின்னால் குசினிக்குப் போய், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பெண்களோடு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் யாரையும் வெறும் கையோடு வாசலைத் தாண்ட விடமாட்டாள், ஒரு கொச்சிக்காயாவது பறித்துக் கொடுப்பாள் என்றார்கள். அப்போதுதான் எனக்கே முகம் பிடிபட்டது. பால் கொண்டுபோன நாளில் என் பாவாடை மடியில் கொய்யாப்பழம் போட்ட பெண் அவள். முன்னால் வந்து அதைத்தான் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. சடங்கு முடிந்து மழை பிடித்துக்கொண்டது. குணபால குடை எடுத்துக்கொண்டு தோட்டத்து எல்லைவரைக்கும் கூடவே வந்தார். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பிரியும்போது மட்டும், "அக்கே, டிப்போக்காரர ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. இடத்த வந்து பார்க்கட்டும். நானும் வர்றேன்" என்றார்.

இப்படித்தான் அந்த ஞாயிறு வந்தது. டிப்போ அதிகாரி இடத்தைப் பார்க்க ஜீப்பில் வருவார் என்று நினைத்தால், மனிதர் வெறும் பஸ்ஸையே கொண்டு வந்துவிட்டார். ஓட்டியவர் பலாங்கொடை ஆதம் நானா. அந்தப் பாதையில் பஸ் சத்தத்தைக் கேட்டதும் லயத்தில் ஒருத்தர் மிச்சமில்லை. மேல் கிராமத்திலிருந்தும் இறங்கிவிட்டார்கள். கோயில் தலைவர் வாசலில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். பொடியன்கள் கோர்ட்டைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். அப்பா புல் வெட்டுகிற கத்தியோடு கொட்டில் வாசலில். நடுவில் பஸ், யானை மாதிரி. குணபால பின்னால் போய் நின்று, யாரும் கேட்காமலே, "ரைட்! ரைட்! எண்ட, எண்ட!" என்று, சிங்களத்தில் வா, வா என்று கூப்பிட்டு வழிகாட்ட ஆரம்பித்தார். அவர் குரலுக்குப் பயந்து நானா பின்னுக்கு எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே போனார். பின்சக்கரம் அப்பாவுடைய சாணிக்குழிக்குள் இறங்கிவிட்டது.

அந்தக் குழியை மூடி வைத்திருந்த தகரம் இரண்டாக மடிந்து, சாணி மேலெழும்பி, குணபால உடுத்தியிருந்த வெள்ளைச் சாரம் வெள்ளையாக இல்லை. ஒரு நிமிஷம் யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. பிறகு அவரே குனிந்து தன்னைப் பார்த்துவிட்டு, "இது நல்ல உரம்!" என்று சிங்களத்தில் சொன்னார் பார், மலையே சிரித்தது. நானா தலையை வெளியே நீட்டி, "சிரிச்சது போதும் தம்பிமாரே, தள்ளுங்க" என்றார். எல்லாரும் இறங்கினார்கள். தோட்டத்து ஆள், கிராமத்து ஆள், டிப்போ அதிகாரி, நீ, எல்லாரும் சாணியில். நேராகத் தள்ளினால் வரவில்லை. கோர்ட் பக்கம் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது, பொடியன்களே ஓடிப்போய் ஒரு கம்பத்தைப் பிடுங்கினார்கள். முன்பக்கம் கோயில் விளக்குத் தூணில் முட்டப் பார்த்தது. தலைவர், "இரு, இரு, தூண ஒடைச்சிராத" என்று ஓடிவந்து நாலு பேரை வைத்து அதைத் தானே அசைத்துத் தூக்கி நகர்த்தினார். கடைசியில் அப்பா கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து, கொட்டிலின் மூலைக் காலை ஒரே உதை உதைத்துச் சாய்த்தார். "ம், இப்பத் தள்ளுங்க" என்றார். பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறி நின்றது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தோம். பஸ்ஸின் முகம் டவுன் பக்கம் இருந்தது.

டிப்போ அதிகாரி சாணிக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே, "திரும்பிருச்சே" என்றார். கோயிலில் ஒரு மூலை, கோர்ட்டில் ஒரு மூலை, கொட்டிலில் ஒரு மூலை. அதற்குமேல் தேவைப்படவே இல்லை. கூட்டத்தில் பேசியபோது ஒவ்வொருத்தரும் முழுவதும் போகப்போகிறது என்று பயந்திருக்கிறோம். அன்று மாலையே பொடியன்கள் கோர்ட்டைக் கொஞ்சம் தள்ளிக் கோடு கிழித்தார்கள். அப்பா என்னோடு பேச ஆரம்பித்தார். முதலில் சொன்னது, "அந்தத் தகரத்துக்கு யாரு பொறுப்பு?" என்பதுதான்.

பஸ் ஓடத் தொடங்கிய நாளில் பியசேன மாத்தயா ஊன்றுகோலோடு வந்து ரிப்பனை வெட்டினார். அவருடைய பேச்சில் கம்பெனி வந்தது, டிப்போ வந்தது, மந்திரி வந்தார், நான் வரவில்லை. அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டவுன்வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். டவுனில் எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். பஸ் கொண்டுவந்தவள் வருகிறாள் என்று அங்கே ஒரு பிள்ளையும் அழுகையை நிறுத்தவில்லை.

இதோடு முடித்தால் 'சரி, நான் தேர்தலில் நிற்பதுதான் அம்மாவுக்கு விருப்பம்' என்று நீ நினைப்பாய். மிச்சத்தையும் சொல்கிறேன். அடுத்த தேர்தலில் நான் தோற்றேன். அந்த இரண்டு பெரிய மனிதர்களும் இந்தத் தடவை ஆளுக்கொரு கட்சியில் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டு போனார்கள். பஸ் கொண்டுவந்தவள் என்று யாரும் எனக்குப் போடவில்லை. பஸ் ஓடத் தொடங்கிய மறுமாதமே அது எப்போதும் ஓடிய மாதிரி ஆகிவிட்டது. முடிவு வந்த அன்று எனக்கு அழுகையாக வந்தது, அதை மறைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டுகிற சத்தம். மேல் கிராமத்து சோமாவதி அக்கா நிற்கிறாள், கையில் வெறும் வாளி. பீலியில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லையாம், யாரோ குழாயை உடைத்துவிட்டார்களாம், வந்து பார் என்கிறாள். நான் சொன்னேன், "அக்கா, நான் இப்ப ஒண்ணும் இல்ல. தோத்துட்டேன், தெரியாதா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியும். அதுக்காகத் தண்ணி வராதா?" என்றாள்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்பாவிடம் ரொட்டியைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, அவளோடு ஏறிப்போனேன்.

உனக்கும் சுமதிக்கும் நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஜெயித்தால் என்ன செய்வாய் என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள், நீயும் நன்றாகப் பதில் சொல்வாய், கடை நடத்துகிறவனுக்கு வாய் இருக்கும். நான் கேட்பது வேறு. தோற்ற மறுநாள் காலையில் ஒருத்தி வாளியோடு வந்து நின்றால், அவளோடு போவாயா? நீ போனால், போய்விட்டு வாங்க என்று சுமதி சிரித்த முகத்தோடு சொல்வாளா? இரண்டு பேரும் உட்கார்ந்து யோசியுங்கள். ஆமாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் நில், நானும் அப்பாவும் வந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். இல்லை என்று தோன்றினால் அதிலும் குறைவில்லை. உன் கடையில் போட்டோ கொப்பிக்கு அவசரமாக நிற்கிறவரைக் கவனி.

இப்படிக்கு,
உன் அம்மா